புதுப் பலகையின் வாசனையும் அறைக் காற்றைத் தூய்மையாக்கும் வினையூக்கிகளும்

அந்தமானின் தலைநகராகிய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை நாம் போர்ட் பிளேயர் என்று அழைத்த அதே நகர்தான்) ஒரு சிறு பாலத்தைக் கடந்தால் சாத்தம் தீவு வந்துவிடும். தீவின் பெரும்பகுதியை வனத்துறையின் மர அறுவை ஆலை பிடித்துக்கொண்டிருக்கிறது. 1883ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த ஆலை ஆசியாவின் பழமையான அறுவை ஆலைகளுள் ஒன்று. 1942இல் ஜப்பானியர் வீசிய குண்டால் விளைந்த பள்ளத்தை இன்றும் ஆலை வளாகத்தில் காட்டுகிறார்கள். செந்நிறப் படாக்கும் பருத்த குர்ஜனும் இங்கே பலகைகளாக அறுபடுகின்றன. அறுத்த மரத்தின் வாசனை பாலத்தைத் தாண்டும்போதே தெரியும். மரத்திலேயே இயற்கையாக உள்ள எண்ணெய்களின் மணம் அது.

ஆனால் இன்று தீவிலும் சரி, தமிழகத்திலும் சரி, புதுவீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகின்ற 'புது வாசனை' இந்த மரத்தின் வாசனையன்று. அலமாரி, கட்டில், சமையலறை மேடைக்கீழ் அறைகள், தொலைக்காட்சிப் பின்சுவர் என்று எல்லாவற்றுக்கும் இப்போது நாம் பயன்படுத்துவது பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகை, மரத்துகள் பலகை, எம்.டி.எஃப். ஆகியவையே. அந்தமானில் ஒரு காலத்தில் ஒட்டுப்பலகையும் உள்ளூரிலேயே செய்யப்பட்டது. சாத்தம் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பேம்பூ பிளாட்டுக்குச் செல்வோர் அங்கே இயங்கிய ஆலையை நினைவு வைத்திருப்பர். உச்ச நீதிமன்றம் அமர்த்திய சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று 2002 மே 7ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட ஆணை தீவுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. உள்ளூர்த் தேவைக்கு மட்டுமே விலக்கு உண்டு. தனியார் ஒட்டுப்பலகை ஆலைகள் மூடப்பட்டன. காட்டுக்கு அது நன்மை. வீட்டுக்குத் தேவையான ஒட்டுப்பலகை இப்போது கப்பலேறி வருகிறது. எந்த ஆலையில், எந்தப் பசையால் ஒட்டப்பட்டது என்பதை வாங்குபவர் நேரில் காண வாய்ப்பில்லை.

பசைதான் இங்கே செய்தி. வீட்டுக்கடன் விண்ணப்பங்களோடு நம் மேசைக்கு வரும் உள்ளலங்கார மதிப்பீடுகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். '19 எம்.எம். பிளைவுட், இத்தனை சதுர அடி, இவ்வளவு தொகை' என்று எழுதப்பட்டிருக்கும். தடிமன் இருக்கும், நிறம் இருக்கும், கைப்பிடியின் வகைகூட இருக்கும். பலகையை ஒட்டிய பிசின் எது, அதிலிருந்து காற்றில் என்ன கசியும் என்பது பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. பதினைந்து, இருபது ஆண்டுகள் தவணை கட்டி வாழப்போகும் வீட்டைக் குறித்த கேள்வி அது என்பதால் இவ்விதழில் அதைச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

பெரும்பாலான மலிவு பலகைகளை ஒட்டுவது யூரியா ஃபார்மால்டிகைடு என்னும் பிசின். இப்பிசின் விலை குறைவு, விரைவில் இறுகும், நிறமற்றது. குறை ஒன்றுதான்: ஈரத்தைக் கண்டால் சிறுகச் சிறுகச் சிதைந்து, தான் உருவான மூலப்பொருளையே திரும்பக் கக்கும். அம்மூலப்பொருள்தான் ஃபார்மால்டிகைடு வாயு. வெப்பம் கூடினாலும் கக்குவது கூடும், ஈரப்பதம் கூடினாலும் கூடும். ஆண்டில் ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெறுகின்ற, காற்றில் எப்போதும் ஈரம் நிற்கின்ற அந்தமானுக்கும், சித்திரை வெயிலில் வேகும் சென்னைக் கடற்கரைக்கும் இதன் பொருள் தெளிவு. குளிர்நாட்டு ஆய்வகத்தில் 23 பாகை வெப்பத்தில், 45 சதவீத ஈரப்பதத்தில் சோதித்துத் தரப்படும் சான்றிதழ் எண் நம் வீட்டில் அப்படியே நிற்காது.

கண் எரிச்சல், மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு ஆகியவை இவ்வாயுவின் முதல் அறிகுறிகள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. அதே அமைப்பு 2010இல் வெளியிட்ட உள்ளக் காற்று வழிகாட்டுதலில், ஒரு கனமீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் (30 நிமிடச் சராசரி) இருத்தலாகாது என்று வரையறுத்துள்ளது.

0.1 மில்லிகிராம் என்பது எவ்வளவு? 10 அடிக்கு 12 அடி அளவும் 10 அடி உயரமும் கொண்ட படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு சுமார் 34 கனமீட்டர். அறை முழுவதிலும் 3.4 மில்லிகிராம் ஃபார்மால்டிகைடு இருந்தால் வரம்பை எட்டிவிட்டோம். ஓர் அரிசி மணியின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் அது!

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு கத்ரீனா சூறாவளியால் வீடிழந்தோருக்கு அரசு சக்கர வீடுகளை வழங்கியது. உட்புறம் முழுவதும் மலிவுப் பலகை. குடியேறியவர்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் என்று முறையிட்டனர். 2007 டிசம்பர், 2008 ஜனவரி மாதங்களில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 சக்கர வீடுகளைச் சோதித்தது. நூறு கோடிப் பங்கு காற்றில் சராசரி 77 பங்கு ஃபார்மால்டிகைடு. மிகுதியாக இருந்த வீட்டில் 590 பங்கு. மேற்சொன்ன அலகில் மாற்றிக் கணக்கிட்டால் சராசரியே வரம்பை ஒட்டி நின்றது. உச்சம் அதன் ஏழு மடங்கு. சோதனை குளிர்காலத்தில் நடந்தது என்பதையும் கருத வேண்டும். அந்த நிகழ்வுக்குப் பின்னர் 2010இல் பலகைகளுக்கான ஃபார்மால்டிகைடு வரம்பு அங்கே நாடு தழுவிய சட்டமாயிற்று.

இனி, இவ்வாயுவை அகற்றும் வழிகளைப் பார்ப்போம். காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளை விற்போர் இப்போது அடிக்கடி உச்சரிக்கும் சொல் 'வினையூக்கி வடிகட்டி'. அறை வெப்பநிலையிலேயே, மின்சூடோ தனி விளக்கோ இல்லாமல், ஃபார்மால்டிகைடைக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும் என்பது அவர்கள் கூற்று. இது வெறும் விளம்பரமா என்றால், இல்லை. மெய்யான அறிவியல் இதன் பின்னே இருக்கிறது. ஆயினும் அறிவியல் சொல்வதும் விற்பனைச் சீட்டு சொல்வதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஃபார்மால்டிகைடு எரியக்கூடிய பொருள். காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்தால் கரியமில வாயுவும் நீரும் ஆகவேண்டியதுதான் அதன் இயல்பான முடிவு. பிறகு ஏன் தானாக அவ்வாறு ஆவதில்லை? ஆக்சிஜன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்த முதலில் ஆற்றல் செலவிடவேண்டும். அடுப்பில் தீக்குச்சி அதைச் செய்கிறது. வினையூக்கி என்பது அச்செலவைக் குறைத்துத்தரும் ஒரு பரப்பு. ஆக்சிஜனும் வாயு மூலக்கூறும் அப்பரப்பில் வந்து அமர்கின்றன. பரப்பிலுள்ள உலோக அணுக்கள் ஆக்சிஜனின் பிடியைத் தளர்த்துகின்றன. வினை முடிந்ததும் விளைபொருள் விலகிச் செல்கிறது. பரப்பு பழையபடி அடுத்த மூலக்கூறுக்குக் காத்திருக்கிறது. வணிகவியல் படித்தவர்களுக்கு ஒரு சொல்லில் விளக்குவதானால், வினையூக்கி செலவாகாத முதல். வட்டி வருகிறது, அசல் அப்படியே இருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1823இல் ஜெர்மானிய வேதியியலர் டோபெரைனர், நுண்துளைகள் கொண்ட பிளாட்டினத்தின் மீது ஹைட்ரஜனைப் பாய்ச்சியபோது, தீயே இல்லாமல் அறை வெப்பத்திலேயே அது பற்றிக்கொள்வதைக் கண்டார். அதைக் கொண்டு விளக்கேற்றும் கருவியும் செய்தார். ஸ்வீடனின் பெர்சீலியஸ் 1835இல் இத்தகைய நிகழ்வுகளுக்கெல்லாம் பொதுப்பெயர் சூட்டினார். நம் கார்களின் புகைப்போக்கியில் உள்ள மாற்றியிலும் பிளாட்டின வகை உலோகங்களே வேலை செய்கின்றன. ஆனால் அவை நன்கு சூடேறிய பின்னர்தான் விழித்துக்கொள்ளும். வீட்டறையின் 28, 30 பாகையில் வேலை செய்யும் பரப்பைக் கண்டறிவதே கடினமான பகுதி.

அதில் இரண்டு பாதைகள் முக்கியம். ஒன்று பிளாட்டினம். சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சாங் சாங்பின், ஹெ ஹோங் ஆகியோர் 2005ஆம் ஆண்டில், டைட்டானியம் டை ஆக்சைடு (நம் சுவருக்குப் பூசும் வெள்ளைச் சாயத்தின் மூலப்பொருள்) பொடியின் மேல் எடையில் 1 சதவீதம் பிளாட்டினத்தை நுண்துகள்களாகப் படியவைத்து, அறை வெப்பத்திலேயே ஃபார்மால்டிகைடு முழுவதுமாகக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுவதை மெய்ப்பித்தனர். 2012இல் அக்குழுவினர் அதில் சிறிது சோடியத்தைச் சேர்த்தபோது வினை மேலும் விரைந்தது. சோடியம் இருக்கும்போது பிளாட்டினம் இன்னும் நுண்ணியதாகப் பிரிந்து பரவுகிறது. நீரிலிருந்து பெறப்படும் ஹைட்ராக்சில் தொகுதிகள் பரப்பில் ஊக்கம் பெற்று இடைப்பொருளை நேரடியாகவே முடித்துவைக்கின்றன. ஆகவே இவ்வகை வினையூக்கிக்குக் காற்றில் ஓரளவு ஈரம் இருப்பது பகையன்று, துணை. ஈரம் மிகுந்த நம் தீவுக்கு இது நற்செய்திதான். பிளாட்டினத்தின் விலை மட்டும் தீச்செய்தி.

மற்றது மாங்கனீசு. ஜப்பானின் செக்கினே 2002இல் பல உலோக ஆக்சைடுகளை ஒப்பிட்டுச் சோதித்து, மாங்கனீசு டை ஆக்சைடு அறை வெப்பத்தில் ஃபார்மால்டிகைடைச் சிதைக்க வல்லது என்று காட்டினார். மின்கலங்களில் உள்ள கரும்பொடி இதுதான். மத்தியப் பிரதேசத்துப் பாலாகாட்டில் நாமே தோண்டியெடுக்கும் தாதுவின் உறவினன். விலை பிளாட்டினத்துக்கு அருகிலும் வராது. ஆனால் இதற்கு ஈரம் ஒத்துவராது. நீர் மூலக்கூறுகள் பரப்பிலுள்ள இடங்களை முந்திக்கொண்டு பிடித்துவிடுகின்றன. வேகமும் குறைவு. நாள்பட்டால் பாதியில் நின்ற இடைப்பொருள்கள் பரப்பில் படிந்து வேலையை மந்தமாக்கும். மலிவான கருவிகளில் 'வினையூக்கி' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி மாங்கனீசு வகையே.

ஈரத்தால் வினையூக்கி முடங்கும் கதை நூறாண்டுப் பழமையானது. முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டு சேர்ந்து, செம்பு, மாங்கனீசு ஆக்சைடுகளைக் கலந்து 'ஹாப்கலைட்' என்னும் பொருளை உருவாக்கின. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற பெயரும் கலிபோர்னியா என்ற பெயரும் இணைந்து பிறந்த சொல் அது. நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை அறை வெப்பத்திலேயே தீங்கற்றதாக மாற்றும். சுரங்கத் தொழிலாளர் இடுப்பில் கட்டிச்செல்லும் சிறு தற்காப்புக் கருவியில் இன்றும் பயன்படுகிறது. ஆனால் மூச்சுக்காற்றின் ஈரம் பட்டால் அது செயலிழந்துவிடும். எனவே அதற்கு முன்னால் ஓர் ஈர உறிஞ்சிப் படலம் வைத்தாகவேண்டும். (இதைப் படித்துவிட்டு, குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்போர் ஏதேனும் கருவியை நம்பி இருந்துவிட வேண்டாம். அங்கே உயிர்காப்பது சுவரில் உள்ள காற்றுத்துளை ஒன்றே.)

1980களில் ஜப்பானின் ஹருட்டா, அதுவரை எதனோடும் சேராத பொருள் என்று கருதப்பட்ட தங்கத்தைச் சில நானோமீட்டர் அளவுத் துகளாக்கி, அது கார்பன் மோனாக்சைடை மிகக் குறைந்த வெப்பத்திலும் எரிக்கும் என்று காட்டினார். நகைக்கடன் பிரிவில் நாம் எடைபோடும் அதே உலோகம், அளவு சுருங்கினால் குணம் மாறுகிறது! இன்னொரு செய்தியும் இல்லத்தரசிகளுக்குச் சுவையாக இருக்கும். பழங்களை விரைந்து கனியச் செய்யும் எத்திலீன் வாயுவை 0 பாகையிலேயே சிதைக்கும் பிளாட்டின வினையூக்கியை ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்டனர். குளிர்பதனப் பெட்டியில் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைத்த கீரை பழுத்துப்போகும் சிக்கலுக்கு அது விடை.

இவையெல்லாம் இருக்க, கடையில் நிற்கும் வாடிக்கையாளர் அறியவேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. சுத்திகரிப்புக் கருவிக்குள் மூன்று வகைப் பொருள்கள் இருக்கலாம். செறிவூட்டிய கரி வாயுவை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும் கிடங்கு போன்றது. கிடங்கு நிறைந்தால் பிடிக்காது, வெப்பம் ஏறினால் பிடித்ததைத் திரும்ப விடும். அதிலும் ஃபார்மால்டிகைடு போன்ற சிறிய மூலக்கூறைச் சாதாரணக் கரி நன்றாகப் பிடிப்பதில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊட்டிய மணிகள் இரண்டாம் வகை. இவை வாயுவை உண்மையிலேயே சிதைக்கும், ஆனால் தாமும் செலவாகும். ஊதா நிறம் பழுப்பானால் கணக்கு தீர்ந்தது என்று பொருள். மூன்றாவதுதான் வினையூக்கி. விற்பவர் மூன்றையும் ஒரே பெயரில் சொல்லக்கூடும். 'இந்த வடிகட்டியை எத்தனை மாதத்தில் மாற்றவேண்டும், ஏன்?' என்ற ஒரு கேள்வியால் பல நேரங்களில் உண்மை வெளிப்பட்டுவிடும்.

வினையூக்கிக்கும் ஆயுள் முடிவற்றது என்று எண்ணவேண்டாம். அசல் குறையாது என்றோமே, அசலின் மேல் தூசி படியும். சமையல் எண்ணெய்ப் புகை, ஊதுவத்திக் கரி, கடற்காற்றின் உப்பு ஆகியவை துளைகளை அடைக்கும். கந்தகமும் குளோரைடும் சேர்ந்த பொருள்கள், தலைமுடிச் சீரம் போன்றவற்றிலுள்ள சிலிக்கோன் ஆகியன பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு வினையூக்கியை முடக்கிவிடும். வேதியியலார் இதை 'நஞ்சேறுதல்' என்கின்றனர். எனவே முன்வடிகட்டி இல்லாத வினையூக்கிக் கருவியைக் கடலோர ஊர்களில் வாங்குவது வீண்செலவு என்பதே நம் கருத்து.

அடுத்து, விளம்பரத்தில் காணப்படும் காற்றோட்ட எண். 'மணிக்கு 300 கனமீட்டர்' என்று அட்டையில் இருந்தால் அது விசிறி தள்ளும் காற்றின் அளவு. ஒருமுறை கடந்து செல்லும் காற்றிலுள்ள ஃபார்மால்டிகைடில் ஆறில் ஒரு பங்குதான் சிதைகிறது என்று வையுங்கள்; உண்மையில் தூய்மையாவது 50 கனமீட்டர் மட்டுமே. இக்கணக்கை முன்சொன்ன 34 கனமீட்டர் படுக்கையறையில் போட்டுப்பார்ப்போம். வங்கிக் கணக்கில் வரவும் செலவும் சமமாகும்போது இருப்பு நிலைபெறுவதைப் போல, பலகை வெளியிடுவதும் காற்று வெளியேற்றுவதும் சமமாகும்போது அறையின் வாயு அளவு நிலைபெறும்.

அறையில் அலமாரி, கட்டில் என எல்லாம் சேர்ந்து 20 சதுரமீட்டர் பலகைப் பரப்பு என்றும், ஒரு சதுரமீட்டர் மணிக்கு 0.1 மில்லிகிராம் கக்குகிறது என்றும் கொள்வோம். ஐரோப்பிய 'இ1' தரப் பலகைக்கு அனுமதிக்கப்படும் அளவை ஒட்டியதுதான் இது. மோசமான பலகையை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆக மணிக்கு வரவு 2 மில்லிகிராம். கதவு சன்னல்களைச் சாத்திவைத்தால் இடுக்குகள் வழியே மணிக்கு அறையின் பாதிக் காற்று, அதாவது 17 கனமீட்டர், மாறும் எனில் வாயு அளவு 2ஐ 17ஆல் வகுக்க 0.118. வரம்பைத் தாண்டிவிட்டது. குளிர்சாதனத்துக்காக இடுக்குகளையும் அடைத்து, மணிக்கு 10 கனமீட்டர் மட்டுமே மாறுகிறது என்றால் 0.2, வரம்பின் இருமடங்கு. சுவரில் மாட்டும் குளிர்சாதனப் பெட்டி வெளிக்காற்றை உள்ளே கொணர்வதில்லை, உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. அதே அறையில், முதல் நிலையோடு 50 கனமீட்டர் உண்மையாகவே தூய்மையாக்கும் கருவியைச் சேர்த்தால் 67ஆல் வகுக்கவேண்டும், 0.03. நல்ல பயன். கருவி எதுவும் இல்லாமல் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, மணிக்கு மூன்று முறை காற்று மாறும்படி செய்தாலோ 102ஆல் வகுக்கிறோம், 0.02. (அறைக்காற்று தூய்மையாகும்போது பலகை சற்றே கூடுதலாகக் கக்கும் என்ற நுட்பம் உண்டு, கணக்கின் போக்கை அது மாற்றாது.)

சன்னல் கருவியை வென்றுவிட்டது என்று இதனைப் படிக்கக்கூடாது. மழையடிக்கும் ஆவணியிலும், கொசுமிகும் மாலையிலும், சாலைப்புகை சூழ்ந்த நகரத் தெருவிலும் சன்னலைத் திறந்துவைக்க இயலாது. கைக்குழந்தையோ ஆஸ்துமா நோயாளியோ உறங்கும் அறையாயின் அந்த 0.2க்கும் 0.03க்கும் இடையிலுள்ள வேறுபாடு காசு கொடுத்து வாங்கத் தக்கதே. மேலும் புதுப் பலகை முதல் சில மாதங்களில் மிகுதியாகக் கக்கும், பிறகு சிறுகச் சிறுகக் குறையும். கருவியின் தேவையும் அவ்வாறே. புதுமனை புகுவிழாவுக்கு முந்தைய வாரம்வரை தச்சுவேலை நடத்தி, வர்ணம் காயுமுன் குடியேறும் பழக்கத்தைவிட, வேலை முடிந்து ஓரிரு மாதம் சன்னல்களையும் அலமாரிக் கதவுகளையும் திறந்துபோட்டுவிட்டுக் குடியேறுவது நல்லது. வாடகையும் தவணையும் ஒருசேரக் கட்டவேண்டிய நெருக்கடி இருக்கும்போது இது எளிதன்று என்பதை நாம் அறிவோம். கட்டுமானக் காலத்துக்கான அவகாசத்தைக் கடன் பெறும்போதே திட்டமிட்டுக் கேட்கலாம்.

இதைவிட எளியது வரவையே குறைப்பது. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 303 என்பது பொதுப்பயன் ஒட்டுப்பலகை, அதில் 'எம்.ஆர்.' எனக் குறிக்கப்படுவது பெரும்பாலும் யூரியா பிசின். ஐ.எஸ். 710 என்பது கடல்சார் ஒட்டுப்பலகை. இது பீனால் ஃபார்மால்டிகைடு பிசினால் ஒட்டப்படுவது. பெயரில் ஃபார்மால்டிகைடு இருப்பினும் இப்பிசின் ஈரத்தில் எளிதில் சிதையாது, கக்குவது மிகக்குறைவு. பலகையின் வெட்டுமுனையில் ஒட்டுக்கோடுகள் கரும்பழுப்பாகத் தெரிந்தால் பீனால் வகை என்று தச்சர்கள் காட்டித்தருவார்கள். விலை கூடுதல்தான். உள்ளலங்கார மதிப்பீட்டில் பலகையின் தர எண்ணையும் வெளியீட்டு வகையையும் ('இ1', 'இ0') எழுத்தில் தரும்படி ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். வெட்டிய ஓரங்களை மூடாமல் விடுவதும் கசிவைக் கூட்டும். அலமாரியின் பின்புறமும் அடிப்புறமும் பெரும்பாலும் மூடப்படுவதில்லை. விலை கட்டுப்படியாகுமெனில் சிலவற்றுக்கேனும் சாத்தத்தில் அறுபடுவது போன்ற முழுமரமே சிறந்தது. பசையில்லாத மரத்தில் இந்தச் சிக்கலே இல்லை எனலாம்.

வினையூக்கியிடம் எதிர்பார்க்கக்கூடாதவையும் உண்டு. நுண்தூசியை அது நீக்காது. அதற்குத் தனி வடிகட்டி வேண்டும். வர்ணத்திலிருந்து வரும் டொலுவீன், பென்சீன் போன்ற உறுதியான மூலக்கூறுகளை அறை வெப்பத்தில் எரிப்பது இன்றும் பெரும்பாலும் ஆய்வகத்தளவிலேயே நிற்கிறது. ஒளிவினையூக்கி என்று விற்கப்படுபவை வேறு வகை. டைட்டானியம் டை ஆக்சைடின் மீது புற ஊதா ஒளி பட்டால்தான் அவை இயங்கும். ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளைத்த துறை அது. சுவரில் பூசிவிட்டால் போதும் என்ற விளம்பரத்தை நம்பி இருட்டு அறையில் பூசினால் அது வெறும் வெள்ளைப் பூச்சே. சில நிலைகளில் பிற வாயுக்களைப் பாதியளவு சிதைத்து, அவற்றிலிருந்து ஃபார்மால்டிகைடையே அது புதிதாக உண்டாக்குவதும் உண்டு. தொட்டிச் செடிகளின் செய்தியும் அதுபோலவே. 1989இல் நாசா ஆய்வு மூடிய சிறு கூண்டில் செடிகள் வாயுவை ஈர்ப்பதைக் காட்டியது மெய். காற்று மாறிக்கொண்டிருக்கும் வீட்டறையில் அதே பயனைப் பெற வீட்டையே காடாக்க வேண்டியிருக்கும். அழகுக்காகச் செடி வையுங்கள்.

ஃபார்மால்டிகைடு பலகையிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு கொசுவத்திச் சுருள் எரியும்போது வெளியாகும் ஃபார்மால்டிகைடு 51 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமமாகக்கூடும் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. சன்னலைச் சாத்திச் சுருளைக் கொளுத்திவிட்டுச் சுத்திகரிப்புக் கருவியை ஓடவிடுவது, ஒரு கையால் வைப்புக் கட்டி மறு கையால் மிகைப்பற்று எடுப்பது போன்றது. கொசுவலை மேல். கைக்கடக்கமான ஃபார்மால்டிகைடு அளவி இப்போது சில ஆயிரங்களுக்குக் கிடைக்கிறது; ஆனால் மலிவான அளவிகள் பல, வாசனைத் திரவியத்தையும் கைகழுவும் சாராயக் கரைசலையும் ஃபார்மால்டிகைடாகவே எண்ணிக் காட்டும். அதன் எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம்.

இன்னும் ஒன்று: சில கருவிகள் 'அயனி' வெளியிடுவதாகச் சொல்லி ஓசோனையும் வெளியிடுகின்றன. ஓசோன் நுரையீரலுக்குத் தீங்கு. தரை துடைக்கும் எலுமிச்சை மணத் திரவத்தின் ஆவியோடும் ஊசியிலை மரத்தின் மணத்தோடும் அது வினைபுரிந்து ஃபார்மால்டிகைடை உண்டாக்கவும் செய்யும். ஓசோனைச் சிதைப்பதில் மாங்கனீசு வினையூக்கி வல்லது; அறை வெப்பமே போதும். நம் கிளைகளில் உள்ள பழைய பெரிய நகலெடுக்கும் இயந்திரங்கள் பலவற்றின் பின்புறத்தில் தேன்கூடு போன்ற ஒரு சிறு கரும்பெட்டி இருக்கும். இயந்திரத்தின் உயர் மின்னழுத்தம் உண்டாக்கும் ஓசோனைச் சிதைக்கும் வடிகட்டி அது, கரியாகவோ மாங்கனீசு சேர்ந்ததாகவோ இருக்கும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் தூள்மை மாற்றும் தேதி எழுதியிருக்கும். இப்பெட்டியை மாற்றும் தேதி பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. கடையோ அலுவலகமோ நடத்தும் வாடிக்கையாளர்கள் தம் இயந்திரத்தைப் பழுதுபார்க்க வருபவரிடம் அதைத் திறந்து காட்டச் சொல்லலாம்.